கடன் அதிகம் இல்லாதவருக்கு கிரெடிட் கார்ட் எதற்கு?

மட்டக்களப்பில் ஏதாவது ஒரு பாடசாலையின் ஆசிரியர் அறைக்குள் கிரெடிட் கார்ட் விண்ணப்பப் படிவங்களோடு ஒரு தம்பி நுழைந்துவிட்டால், அடுத்த அரை மணித்தியாலத்துக்கு வேறு கதை இருக்காது. ஒருவர் "அது சுருக்குக் கயிறு, தொடவே கூடாது" என்பார். இன்னொருவர் "கார்ட் இல்லாட்டி நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கப் போனா கிரிப்பில ஒண்டுமே இருக்காது" என்பார். (கிரிப் என்பது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் பணியகம்; அதற்குப் பின்னால் வருகிறேன்.) மூன்றாமவரின் மச்சான் கனடாவில். "கார்டில எப்பவும் கொஞ்சம் பாக்கி வச்சிருக்கணுமாம், அப்பதான் புள்ளி ஏறுமாம்" என்று அங்கிருந்து வந்த ஆலோசனையை அவர் எடுத்துவிடுவார். முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றாவது முழுப் பிழை.

இந்தக் கட்டுரை பெரிய கடன் எதுவும் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்டது. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் சில தவணை மிச்சம், அல்லது சம்பளத்தில் கழிபடுகிற சின்ன இடர்கடன், அவ்வளவுதான் என்று இருப்பவர் கார்ட் எடுப்பதா வேண்டாமா? பதிலுக்கு முன்னால், அந்தக் கார்ட் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

கடைக் கொப்பியும் கார்டும்

நம் ஊர்களில் கடைக் கொப்பி இல்லாத குடும்பம் குறைவு. மாதம் முழுக்க அரிசி, சீனி, பால்மா எடுக்கிறோம். கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொள்கிறார். சம்பளம் வந்ததும் கணக்குக் கூட்டித் தீர்க்கிறோம். வட்டி கிடையாது.

கிரெடிட் கார்டும் இதே ஏற்பாடுதான். வித்தியாசம், கொப்பி இப்போது வங்கியிடம் இருக்கிறது. நீங்கள் கல்முனையில் ஒரு கடையில் கார்டைப் போட்டால், கடைக்காரருக்கு வங்கி பணம் கொடுத்துவிடும். உங்கள் பெயரில் வங்கி எழுதிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை கூட்டி அனுப்பும்.

அந்தக் கொப்பியில் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. எவ்வளவு வரை எழுதலாம் என்பது கடன் எல்லை. மாதா மாதம் கணக்குக் கூட்டும் நாள் பட்டியல் திகதி. அதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து வருவது கெடு திகதி. அன்றைக்குள் பணம் கட்ட வேண்டும். பட்டியலின் மேற்பக்கத்தில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்த நிலுவை. மற்றது குறைந்தபட்சக் கொடுப்பனவு, அதாவது "இம்மாதம் இதையாவது கட்டுங்கள்" என்று வங்கி கேட்கும் தொகை. பெரும்பாலும் நிலுவையில் 5 சதவீதம் அளவில் இருக்கும்.

பட்டியல் திகதிக்கு மறுநாள் வாங்கிய பொருளுக்குக் கெடு வர ஏறத்தாழ 50 நாள் ஆகும். பட்டியல் திகதிக்கு முதல்நாள் வாங்கினால் மூன்று வாரம்தான். "50 நாள் வட்டியில்லை" என்ற விளம்பரத்தின் அர்த்தம் இதுதான். எல்லாப் பொருளுக்கும் 50 நாள் கிடைக்காது.

வங்கிக்கு இதில் என்ன இலாபம் என்று கேட்கலாம். கடைக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை வங்கி கழித்துக்கொள்கிறது. இதுதான் "கார்டில போட்டா மூண்டு வீதம் கூடும் தம்பி" என்று சில கடைகளில் கேட்கும் குரலுக்குக் காரணம். வங்கி தன்னிடம் கழிப்பதை அவர் உங்களிடம் வாங்கப் பார்க்கிறார். அப்படிக் கூட்டி வாங்க அனுமதியில்லை என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. சண்டை பிடிக்க விருப்பமில்லாதவர் காசைக் கொடுத்துவிட்டு வரலாம். 3 சதவீதம் கூடக் கொடுத்துக் கார்ட் போடுவதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

ஆக, மொத்த நிலுவையையும் கெடுவுக்குள் கட்டினால் கார்ட் என்பது வட்டியில்லாத கடைக் கொப்பி. கட்டாவிட்டால் கதை வேறு.

5,000 ரூபா குறைத்துக் கட்டினால் என்ன ஆகும்?

வங்கிக்குப் பெரிய வருமானம் வட்டி. இலங்கையில் கார்ட் வட்டி நிலையாக நின்றதில்லை. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடிக்கு நடுவே, அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. வட்டி மளமளவென்று ஏறியது. 2023 ஓகஸ்டில் 28 சதவீதம் என்று மறுபடி வரம்பு வந்தது. இன்று உங்கள் வங்கியில் எவ்வளவு என்பதை அவர்களின் கட்டண அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்குக்கு 28 என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 3ஆம் திகதி 60,000 ரூபாவுக்கு ஒரு போன் வாங்குகிறீர்கள். ஜூன் 30 பட்டியல். ஜூலை 21 கெடு. அன்றைக்குக் கையில் கொஞ்சம் முட்டுப்பாடு, 55,000 கட்டுகிறீர்கள். "5,000 தானே பாக்கி, ஒரு மாத வட்டி நூற்றுச் சொச்சம் வரும்" என்று நினைப்போம். பல வங்கிகளின் விதி அப்படி இல்லை. முழுத் தொகையையும் கட்டாததால் வட்டியில்லாச் சலுகையே ரத்தாகிவிடுகிறது. 60,000 ரூபாவுக்கும், வாங்கிய ஜூன் 3இலிருந்தே வட்டி ஓடுகிறது. 48 நாளுக்கு 28 சதவீதப்படி ஏறத்தாழ 2,200 ரூபா. 5,000 ரூபா குறைத்ததற்கு 2,200 ரூபா! அது மட்டுமில்லை, பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் அந்த 50 நாள் கிடைக்காது. வாங்கிய அன்றே வட்டி தொடங்கும்.

குறைந்தபட்சக் கொடுப்பனவு இதைவிட மோசம், ஏனென்றால் அது பார்க்க ஒழுங்கான விடயம் மாதிரி இருக்கிறது. வங்கியே அச்சடித்துத் தந்த தொகையைத் தவறாமல் கட்டுகிறோம், பிறகென்ன என்று மனம் சமாதானமாகிவிடும். ஒரு இலட்சம் ரூபா நிலுவை இருக்கிறது, இனிமேல் கார்டைத் தொடவே இல்லை, மாதா மாதம் நிலுவையில் 5 சதவீதம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கட்டுவது 5,100 ரூபா சொச்சம்; அதில் 2,300க்கு மேல் வட்டி. இப்படியே 25 மாதம். அதற்குள் நீங்கள் கட்டியது ஏறத்தாழ 93,000 ரூபா. கொப்பியைத் திறந்தால் பாக்கி இன்னும் 49,000க்கு மேல்.

ஏ.ரி.எம். இயந்திரத்தில் கிரெடிட் கார்டைப் போட்டுக் காசு எடுப்பது பற்றி ஒரு வரி போதும். அதற்குச் சலுகை நாளே கிடையாது, தனிக் கட்டணமும் உண்டு. எடுக்காதீர்கள்.

ஒரு மாதம் முன்னால், ஒரு மாதம் பின்னால்

கார்ட் யாருக்குச் சரி என்று பேசும்போது எல்லோரும் கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மாதச் செலவுக்கான காசு இப்போதே உங்கள் கணக்கில் இருக்கிறதா?

கார்ட் கைக்கு வந்த முதல் மாதத்தைப் பாருங்கள். சாப்பாட்டுச் சாமான், பெற்றோல், போன் ரீலோட் எல்லாம் கார்டில் போகிறது. சம்பளமும் வருகிறது. பட்டியல் இன்னும் வரவில்லை. வங்கிக் கணக்கில் வழக்கத்தைவிட 40,000 ரூபா கூடுதலாக நிற்கிறது. அது அடுத்த மாதம் வங்கிக்குப் போகவேண்டிய காசு, ஆனால் அதன்மேல் அப்படி எழுதியிருக்காது. ஒரு கலியாண வீட்டுக்கு மொய், பிள்ளைக்குச் சைக்கிள், கோயில் திருவிழாவுக்கு உடுப்பு என்று அது கரைந்துவிடும்.

இரண்டாம் மாதம் பட்டியல் வருகிறது. 40,000 ரூபாவை அந்த மாதச் சம்பளத்திலிருந்து கட்டுகிறீர்கள். சரி, கட்டியாயிற்று. இந்த மாதம் சாப்பிட? மறுபடி கார்ட். இதற்குப் பிறகு நீங்கள் எப்போதும் போன மாதச் சோற்றுக்கு இந்த மாதம் பணம் கட்டுகிறவர். வட்டி ஒரு சதம் கட்டாமலே இருக்கலாம், மற்றவர்கள் பார்வைக்குக் கடன் இல்லாதவராகவே தெரியலாம். ஆனால் ஒரு மாதம் சம்பளம் பிந்தினால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து செலவு கூடினால், முழுத் தொகை கட்ட முடியாது. மேலே சொன்ன 60,000 ரூபாக் கதை அங்கேதான் தொடங்குகிறது. கார்டில் மாட்டிக்கொண்ட பலரும் ஆடம்பரமாகச் செலவழித்தவர்கள் இல்லை. இப்படி ஒரு மாதம் பின்தங்கி நின்றவர்கள்தான்.

அம்பாறைப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு இது இன்னும் கவனிக்க வேண்டியது. பெரும்போகமும் சிறுபோகமும் அறுவடையாகும்போதுதான் அவர்கள் கைக்கு மொத்தமாகக் காசு வரும். கார்டின் கெடு மாதா மாதம் வரும். வரவும் கெடுவும் ஒரே தாளத்தில் போகாதவருக்குக் கார்ட் பொருந்தாது, அவருக்குக் கடன் துளியும் இல்லாவிட்டாலும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கடன் குறைவாக இருப்பது மட்டும் தகுதி ஆகாது. ஒரு மாதச் செலவுக்கு முன்கூட்டியே காசு வைத்திருப்பவர் கார்டை வைத்துப் பிழைத்துக்கொள்வார். வைத்திராதவர் முதலில் அதைச் சேர்க்கட்டும்.

கிரிப் என்ற பூச்சாண்டி

இனி அந்தக் கனடா மச்சானின் ஆலோசனைக்கு வருவோம். கிரிப் என்பது இலங்கைக் கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி உருவானது. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் யார் எவ்வளவு கடன் எடுத்தார், எப்படிக் கட்டுகிறார் என்ற விவரத்தை அங்கே கொடுக்கின்றன. கடன் கேட்டுப் போகும்போது அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த விவரங்களை வைத்து 250 முதல் 900 வரை ஒரு புள்ளியும் தரப்படுகிறது.

"அவன்ர பேர் கிரிப்பில விழுந்திட்டு" என்று சொல்லும்போது ஏதோ பொலிஸ் பதிவில் பெயர் விழுந்தது போல ஒரு தொனி இருக்கும். கிரிப் கறுப்புப் பட்டியல் இல்லை. ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் அதில் இருக்கிறது, ஒழுங்காகக் கட்டினார் என்ற குறிப்போடு. உங்கள் கூட ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்திருந்தால் அதுவும் இருக்கும். சொந்தக் கடன் இல்லாத பலருக்குத் தலைவலி இந்தப் பிணை வழியாகத்தான் வருகிறது. கார்டுக்குப் பயப்படுகிற அளவுக்கு நம் ஆட்கள் அந்தக் கையெழுத்துக்குப் பயப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

கடனே எடுக்காதவருக்குக் கிரிப்பில் சொல்ல ஒன்றும் இராது. அது கெட்ட பெயர் ஆகாது, வெறும் தாள். வங்கிக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். அதற்காகக் கார்ட் எடுத்தே ஆக வேண்டுமா? உங்களிடம் ஏற்கெனவே லீசிங் ஒன்று இருந்து தவணை தவறாமல் போகிறது என்றால், வரலாறு தானாகவே எழுதப்படுகிறது. கனடாவில் வீடு வாடகைக்கு எடுக்கவும் இந்தப் புள்ளியைப் பார்க்கிறார்கள். ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ வீடு வாடகைக்குக் கொடுக்கிற யாரும் கிரிப் அறிக்கை கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆறு மாத முற்பணம்தான் கேட்பார்கள். அங்கே பொருந்துகிற அவசரம் இங்கே இல்லை.

பாக்கி வைத்தால் புள்ளி ஏறும் என்பது கனடாவிலும் பிழை. கார்டைப் பயன்படுத்துவதும் நேரத்துக்குக் கட்டுவதும்தான் பதிவாகின்றன. வட்டி கட்டியதற்கு யாரும் பரிசுப் புள்ளி தருவதில்லை. எல்லை முட்ட எடுத்துப் பாக்கி வைத்திருப்பவரை எந்த ஊர் வங்கியும் தயக்கத்தோடுதான் பார்க்கும்.

அப்போ பிரயோசனம் என்ன?

முதலில், எல்லோரும் பெரிதாகப் பேசும் அந்த 50 நாள். மாதம் 40,000 ரூபாவைக் கார்டில் செலவழித்து, அந்தக் காசைச் சேமிப்புக் கணக்கில் 3 சதவீத வட்டிக்கு விட்டு வைக்கிறீர்கள் என்று வையுங்கள். சராசரியாக 36 நாள் காசு உங்களிடம் நிற்கும். கிடைக்கும் வட்டி மாதம் சுமார் 120 ரூபா, வருடத்துக்கு 1,400 ரூபா. கார்டின் வருடக் கட்டணம் 3,000 ரூபா என்றால் நட்டம். கட்டணம் இல்லாத கார்டாக இருந்தாலும் இது ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் மீன் கறிக் காசு.

கார்டுக்குக் கிடைக்கும் விலைக்கழிவுகளைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் வரும் உணவகங்களும் உடுப்புக் கடைகளும் பெரும்பாலும் கொழும்பில். மட்டக்களப்புச் சந்தையில் மரக்கறிக்கோ, ஆற்று மீனுக்கோ கார்ட் போட முடியாது. சுப்பர்மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்குபவர், ஆண்டுக்கு ஒரு முறை பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ குடும்பத்தோடு தங்குபவர், இவர்களுக்கு ஏதோ கிடைக்கும். கழிவு இருக்கிறதே என்று போகாத இடத்துக்குப் போனால் அது கழிவாகாது.

உண்மையான பயன் மூன்று இடத்தில் இருக்கிறது என்பேன்.

ஒன்று, இணையத்தில் பணம் கட்டும்போது. டெபிட் கார்டிலும் கட்டலாம்தான். ஆனால் யாராவது இலக்கத்தைத் திருடிவிட்டால், டெபிட் கார்டில் போவது உங்கள் சம்பளக் காசு. விசாரணை முடியும்வரை கணக்கு வெறுமையாகக் கிடக்கும். கிரெடிட் கார்டில் போவது வங்கியின் கொப்பியில் ஒரு வரி. "இது நான் செய்ததில்லை" என்று உடனே அறிவித்து, அதை மறுத்து வாதாடும்போது உங்கள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

இரண்டு, திடீர் அவசரம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இருந்து ஒருவரைக் கொழும்புக்குக் கொண்டு போகிறார்கள், அங்கே தனியார் வைத்தியசாலையில் முற்பணம் கேட்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு யாரிடம் கேட்பது? அந்த நேரத்தில் கார்ட் உதவும். விடிந்ததும் மலிவான பணத்தைத் தேடி அதை அடைக்க வேண்டும். 2023இல் கார்டுக்கு 28 என்று வரம்பு வைத்த அதே அறிவிப்பில் நகை அடகுக்கு 18 சதவீதம் என்று இருந்தது. கையில் நகை இருப்பவர் கார்ட் பாக்கியைச் சுமந்துகொண்டிருப்பதை விட வங்கியில் அடகு வைத்து அதை முடிப்பது இலாபம். மீட்காவிட்டால் நகை ஏலம் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்று, வட்டியில்லாத் தவணை. குளிர்சாதனப் பெட்டி 180,000 ரூபா. 12 மாதத்துக்கு மாதம் 15,000. உண்மையிலேயே வட்டியும் கட்டணமும் இல்லை என்றால் இது நல்ல வசதி. வாங்குமுன் இரண்டு கேள்வி: "காசுக்குத் தந்தால் விலை என்ன?", "வங்கி கையாளும் கட்டணம் எடுக்குமா?" காசு விலை 165,000 என்றால், அந்த "பூச்சிய வட்டி" 15,000 ரூபா. அந்தத் தவணை ஒவ்வொரு மாதப் பட்டியலின் மொத்த நிலுவையிலும் சேரும், கார்ட் எல்லையிலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காத்தான்குடியிலும் கல்முனையிலும் வட்டியோடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தமே வேண்டாம் என்று மார்க்க அடிப்படையில் கார்டை விலக்குபவர்கள் உண்டு. அவர்கள் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அன்றாடத்துக்கு டெபிட் கார்டும், போனில் ஸ்கான் செய்து பணம் கட்டும் லங்கா கியூ.ஆரும் போதும்.

ஏற்கெனவே சின்னக் கடன் இருந்தால்

எல்லாக் கடனும் ஒரே விலையில் வருவதில்லை. அரச உத்தியோகத்தரின் இடர்கடனுக்கு வட்டி 4.2 சதவீதம். அதை அவசரமாக அடைக்கக் கையிருப்பைக் கொட்டிவிட்டு, பிறகு மாதச் செலவைக் கார்டில் ஓட்டுகிறவரைப் பார்த்தால் "ஏன் இந்த வேலை?" என்று கேட்கத் தோன்றும். நாலு சதவீதக் கடனைத் துரத்திப் போய் இருபத்தெட்டு சதவீதக் கடனில் விழுவது. மலிவான கடன் அதன்பாட்டில் சம்பளத்தில் கழியட்டும். கையிருப்பு ஒரு மாதச் செலவு அளவுக்கு அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வருடம் வீட்டுக்கடன் கேட்கும் யோசனை இருந்தால், பெரிய எல்லையுள்ள கார்ட் வேண்டாம். நீங்கள் எவ்வளவு தவணை தாங்குவீர்கள் என்று பார்க்கும்போது, பயன்படுத்தாத எல்லையையும் சேர்த்து யோசிக்கும் வங்கிகள் உண்டு.

எடுப்பதும் மூடுவதும்

எடுப்பது என்று முடிவு செய்தால், எல்லையை ஒரு மாதச் சம்பளத்துக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். வங்கி கூட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சம்பளக் கணக்கிலிருந்து மொத்த நிலுவையும் கெடு திகதியில் தானாகக் கழியும்படி எழுத்தில் கொடுங்கள். படிவத்தில் குறைந்தபட்சத் தொகை என்று ஏற்கெனவே அடையாளமிட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கட்டணம் "இலவசம்" என்றால், முதல் வருடம் மட்டுமா, எப்போதுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தத் தம்பி தலையைச் சொறிவது இந்தக் கேள்விக்குத்தான்.

வேண்டாம் என்று பின்னர் தோன்றினால் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டி அலுமாரிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். கார்ட் வெட்டுப்பட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கிறது. அடுத்த வருடக் கட்டணம் அதில் ஏறும், கட்டாததற்குத் தாமதக் கட்டணம் ஏறும், வட்டி ஏறும், கடைசியில் கிரிப் அறிக்கையில் நிலுவை என்று நிற்கும். ஒரு ரூபா கூடச் செலவழிக்காத கார்டால் லீசிங் மறுக்கப்பட்டு, வங்கி வாசலில் வந்து சத்தம் போடுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். நிலுவையைப் பூச்சியமாக்கி, கார்டை மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்து, மூடியாயிற்று என்று அவர்கள் எழுதித் தருவதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துச் சரிபார்க்கலாம். வங்கி இழுத்தடித்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.